மலை திரும்பியதா, மாதிரி திரும்பியதா? தொல்காந்தச் சுழற்சிக் கணக்கில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

இமாச்சலப் பிரதேசத்தின் சிவாலிக் குன்றுகளில் துளையிட்டு எடுத்த சிவப்புக் களிப்பாறை மாதிரிகள் மேசையில் இருக்கின்றன. அளந்து முடித்தாயிற்று. காந்த ஒதுக்கம் (கிடைத்தளத்தில் காந்தத் திசை வடக்கிலிருந்து விலகும் கோணம்) வடக்கிலிருந்து 25 பாகை கிழக்கே நிற்கிறது. "இந்தப் பாளம் வலஞ்சுழியாக 25 பாகை திரும்பியிருக்கிறது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். அந்த வரிக்கு முன்னால் பார்த்துவிட வேண்டியவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

விஷயம் சுருக்கமாக இதுதான். பாறை உருவாகும்போது அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசை அதில் பதிகிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்தால், அந்தப் புலம் புவியின் சுழல் அச்சின் மேல் வைத்த சட்டகாந்தத்தைப் போல இருக்கும். ஆகவே ஒதுக்கம் வடக்கைக் காட்டும். சரிவு (காந்தத் திசை கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) அட்சரேகையைச் சொல்லும். மலை எழும்போது மேலோட்டின் ஒரு துண்டு, அதாவது பாளம், செங்குத்து அச்சில் சுழன்றால், சரிவு அப்படியே இருக்க, ஒதுக்கம் மட்டும் கூடவே திரும்பிவிடும். அளந்த ஒதுக்கத்திலிருந்து எதிர்பார்த்த ஒதுக்கத்தைக் கழித்தால் சுழற்சி கிடைக்கும்.

கழித்தல் ஒன்றுதான். ஆனால் திசைகாட்டியின் பிழை, பாறையின் பிழை, படுகையின் (பாறை அடுக்கின்) சாய்வைத் திருத்திய பிழை, எதிர்பார்த்த ஒதுக்கத்தைத் தரும் குறிப்புத் துருவத்தின் பிழை எல்லாமே அந்த ஒரு எண்ணில்தான் வந்து விழும். விழும்போது எல்லாவற்றுக்கும் "சுழற்சி" என்றே பெயர் கிடைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு அறிகுறியையும் அதன் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன். நான் சரிபார்க்கும் வரிசையிலேயே கொடுக்கிறேன்.

ஒரே தளத்தின் மாதிரிகள் ஆளுக்கொரு திசையைக் காட்டுகின்றன

வழக்கமாக ஒரு தளத்தில் 8 முதல் 10 உருளைகள் எடுப்போம்; விட்டம் 25 மி.மீ. அவை சிதறினால் பாறையைக் குறை சொல்வதற்கு முன் களக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு உருளை மட்டும் மற்றவற்றுக்குத் துல்லியமாக 180 பாகை எதிராக இருந்தால், அநேகமாக அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம். எல்லாமே சிதறியிருந்தால், துளையின் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளந்தீர்களா, செங்குத்திலிருந்து அளந்தீர்களா என்று பாருங்கள். என் முதல் களப்பயணத்தில் நான் ஒன்றை எழுதி வைத்தேன். ஆய்வகத்தின் கணினி நிரல் மற்றதை எதிர்பார்த்தது. இரண்டு வாரம் "இந்தப் பாறை தேறாது" என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 90-இலிருந்து கழித்ததும் எல்லா மாதிரிகளும் ஒன்றுகூடின.

குறிப்பேடு சரி, பாறை எரிமலைப் பாறை, தளம் மேட்டின் உச்சி என்றால் மின்னலைச் சந்தேகியுங்கள். மின்னல் தாக்கிய பாறையில் காந்தச் செறிவு பக்கத்துப் பாறையைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். திசை சில மீட்டர் இடைவெளியிலேயே மாறும். மாறுதிசைக் காந்தப்புலத்தில் படிப்படியாகக் காந்த நீக்கம் செய்தால் பெரும்பாலும் பழைய திசையை மீட்டுவிடலாம். அடுத்த முறை உச்சியை விட்டுவிட்டு ஆறு வெட்டிய சரிவில் துளையிடுங்கள்.

திசைகாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பசால்ட் பாறை திசைகாட்டியின் முள்ளையே இழுக்கும். அங்கே சூரிய நிழலை வைத்துத் திசை எடுப்பதுதான் பாதுகாப்பு. இன்றைய காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் கூட்ட வேண்டும். இந்திய இமயமலையில் இது சில பாகைதான் என்பதால் மறந்தாலும் பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரைத் தொடரில் அது ஏறத்தாழ 15 பாகை கிழக்கு. வலஞ்சுழிச் சுழற்சிக்குப் பேர்போன அந்த மலையில் இதை மறந்தால் 15 பாகைச் சுழற்சி சத்தமில்லாமல் காணாமல் போகும்.

சூடாக்கச் சூடாக்கக் காந்தம் குறையாமல் கூடுகிறது

பின்னால் ஏறிய காந்தத்தைக் கழற்ற மாதிரியைப் படிப்படியாகச் சூடாக்குவது இன்னொரு வழி. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்தக் கோளாறு அடிக்கடி வரும். களிமண் கனிமங்களும் பைரைட்டும் சூளையில் சிதைந்து புதிதாக மேக்னடைட் உண்டாகிறது. நாம் அளப்பது மலையின் வரலாறாக இருக்காது. சூளையில் மிஞ்சிய புலத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். ஒவ்வொரு படியிலும் காந்த ஏற்புத்திறனை (வெளிப்புலத்தில் பாறை எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை) அளந்துவாருங்கள். அது சட்டென்று ஏறும் இடத்தோடு அந்த மாதிரியின் சூடேற்றத்தை நிறுத்திவிடுங்கள். அதே உருளையின் ஜோடி மாதிரியை மாறுதிசைப் புலத்தில் காந்த நீக்கம் செய்து பாருங்கள்.

அதற்கு மாறாக, 100 மில்லிடெஸ்லா வரை போயும் மாறுதிசைப் புலம் அசைக்கவே முடியவில்லை என்றால் அது ஹேமடைட் அல்லது கோதைட். கோதைட் 120 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விடும். ஹேமடைட்டுக்கு 680 வரை போக வேண்டியிருக்கும். மேக்னடைட்டின் கியூரி வெப்பநிலை (காந்தம் அழியும் வெப்பநிலை) 580, பிர்ரோடைட்டுடையது 320. இந்த நான்கு எண்களும் மனப்பாடமாக இருந்தால் காந்தம் படிப்படியாக நீங்குவதைக் காட்டும் சைடர்வெல்ட் வரைபடத்தில் கோடு எங்கே உடைகிறது என்பதைப் பார்த்தே கனிமத்தை ஊகிக்கலாம்.

திசை இன்றைய வடக்கோடு ஒட்டி நிற்கிறது

படுகைச் சாய்வைத் திருத்துவதற்கு முன், களத்தில் இருந்த நிலையிலேயே, ஒதுக்கம் 0-ஐ ஒட்டியும் சரிவு 50-ஐ ஒட்டியும் வருகிறதா? இமாச்சலத்தின் 32 பாகை அட்சரேகையில் சட்டகாந்தப் புலத்தின் சரிவு 51 பாகை. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது மிக அண்மைக்கால மேற்பதிவு. பாறை சும்மா கிடந்தாலே இன்றைய புலம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏறும். இதை 150 முதல் 200 டிகிரியில் பெரும்பாலும் கழற்றிவிடலாம். வானிலைச் சிதைவால் முளைத்த ஹேமடைட்டில் பதிந்திருந்தால் அவ்வளவு எளிதாகப் போகாது. சிவாலிக் சிவப்புப் பாறைகளில் நுண்ணிய நிறமி ஹேமடைட்டும் உண்டு, பளபளக்கும் பெரிய துகள் ஹேமடைட்டும் உண்டு. நிறமி பின்னால் வந்திருக்கலாம். ஆகவே 600 டிகிரிக்கு மேலும் பொறுமையாகச் சிறுசிறு படிகளாகப் போங்கள். கடைசிக் கோடு ஆதிப்புள்ளியை நோக்கி நேராக வருகிறதா என்று பாருங்கள். வராமல் பக்கவாட்டில் போனால், இன்னொரு காந்தக் கூறு உள்ளே ஒளிந்திருக்கிறது.

நேர்முனையும் எதிர்முனையும் நேரெதிராக இல்லை

புவிக்காந்தம் தலைகீழாகியிருந்த காலத்தில் பதிந்த (எதிர்முனை) மாதிரிகள், இன்றைய போக்கிலேயே பதிந்த (நேர்முனை) மாதிரிகளுக்கு 180 பாகை எதிராக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் மேற்பதிவு முழுதாகக் கழலவில்லை என்று பொருள்.

ஒரு கணக்கு போடுவோம். உண்மையில் 30 பாகை வலஞ்சுழியாகத் திரும்பிய பாளம். நேர்முனை ஒதுக்கம் 30, எதிர்முனை 210. அதன் மேல், கிடைத்தளக் கூற்றில் 30 விழுக்காடு வலிமையோடு இன்றைய வடக்குத் திசையின் மேற்பதிவு மிஞ்சியிருக்கிறது. நேர்முனை மாதிரிகள் 23 என்று காட்டும். எதிர்முனை மாதிரிகள் 221. ஒன்றில் சுழற்சி 23, மற்றதில் 41! இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 32 வரும், உண்மைக்கு மிக அருகில். ஆகவே ஒரே முனை மாதிரிகளோடு திரும்பி வராதீர்கள். மேற்பதிவு மிஞ்சினாலும் இரண்டு முனைகளும் இருந்தால் பிழை பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்காகச் சரியாகக் காந்த நீக்கம் செய்யாமல் விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மடிப்பின் ஒரு பக்கம் வலஞ்சுழி, மறுபக்கம் இடஞ்சுழி

இதில் விழாதவர் இல்லை. கவனமாக வேலை செய்பவர்களும் விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படுகையை ஸ்டிரைக் கோட்டை (சாய்ந்த படுகையின் மேல் கிடைமட்டமாக ஓடும் கோட்டை) சுற்றித் திருப்பிக் கிடைமட்டமாக்குவதுதான் வழக்கமான சாய்வுத் திருத்தம். மடிப்பின் அச்சு கிடைமட்டமாக இருந்தால் இது சரி. மலைகளில் மடிப்பச்சு ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதுதான் சாதாரணம். வடக்கு தெற்காக ஓடும் ஒரு மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு பக்கங்களும் 60 பாகை மடிந்தன. பிறகு அச்சு வடக்கே 30 பாகை தாழ்ந்தது. சுழற்சி எதுவும் நடக்கவில்லை. இப்போது களத்தில் கிழக்குப் பக்கப் படுகையின் சாய்வு 64 பாகையாகவும், சாயும் திசை 74 பாகையாகவும் அளக்கப்படும். அந்த ஸ்டிரைக்கைச் சுற்றி ஒரே வீச்சில் நிமிர்த்தினால் படுகை கிடைமட்டமாகிவிடும். ஆனால் அது 18 பாகை வலஞ்சுழியாகத் திரும்பிய நிலையில் படுக்கும். மேற்குப் பக்கம் அதே 18 பாகை இடஞ்சுழியாக. இரண்டுக்கும் நடுவே 35 பாகை!

இரு பக்கங்களிலும் மாதிரி எடுத்தவருக்கு இந்த முரண்பாடே எச்சரிக்கை. ஒரு பக்கத்தில் மட்டும் எடுத்தவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. 18 பாகைச் சுழற்சி என்று நம்பிக்கையோடு எழுதிவிடுவார்.

சரிசெய்ய, முதலில் மடிப்பச்சைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் பக்கங்களை அந்த அச்சைச் சுற்றி விரியுங்கள். அச்சு எங்கே என்று தெரிய ஒரு படுகையின் அளவு போதாது. மடிப்பு முழுவதும் நடந்து, இருபது முப்பது இடங்களில் ஸ்டிரைக்கும் டிப்பும் (படுகைச் சாய்வும்) எடுத்து, கோளத் திட்டத்தில் போட்டுப் பாருங்கள். அச்சு மடிப்புக்குப் பிறகுதான் தாழ்ந்தது என்பதற்கும் களத்தில் சான்று வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறும், ஏனென்றால் முப்பரிமாணத்தில் சுழற்சிகளை இடம் மாற்றிப் போட முடியாது. துளையிடும் ஆர்வத்தில் புவியமைப்பு வரைபடம் போடுவதை ஒதுக்கிவிட்டுப் போகும் குழுக்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அந்த ஒரு நாள் நடை இல்லாமல் மற்ற எல்லா உழைப்பும் வீணாகலாம்.

இன்னொரு சிறிய விஷயம். தலைகீழாகக் கவிழ்ந்த படுகையில் டிப் 70 என்றால் திருத்த வேண்டியது 110 பாகை. அலைக்குறிகள், அரிப்புத் தடங்கள் போன்றவற்றை வைத்து எது மேல் பக்கம் என்று களத்திலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

மடிப்புச் சோதனை பாதி வழியிலேயே உச்சம் தொடுகிறது

மடிப்புச் சோதனையை 1949-இல் கிரஹாம் முன்வைத்தார். படுகைகளை நிமிர்த்தினால் திசைகள் ஒன்றுகூடினால் காந்தம் மடிப்புக்கு முந்தியது; நிமிர்த்துவதற்கு முன்பே கூடியிருந்தால் பிந்தியது. 50, 60 விழுக்காடு நிமிர்த்தும்போது மிக நன்றாகக் கூடினால் என்ன செய்வது?

மடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே காந்தம் பதிந்திருக்கலாம். மலைகளில் இது நிஜமாகவே நடக்கிறது: சூடான நீர்மங்கள் ஊடுருவும், புதிய கனிமங்கள் முளைக்கும். ஆனால் முந்தைய பதிவும் பிந்தைய பதிவும் கலந்த கூட்டுத் திசையும் இப்படித்தான் காட்டும். அமுக்கத்தில் துகள்கள் தாமே சுழன்றிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஆகவே முதலில் கூறுகளைச் சுத்தமாகப் பிரித்தீர்களா என்று திரும்பப் பாருங்கள். அப்புறம் காந்த ஏற்புத்திறனின் திசைவேறுபாட்டை அளந்து பாறை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

பிந்திய காந்தம் என்று உறுதியானால் மாதிரியைத் தூக்கி எறிய வேண்டாம். நேபாளத்தின் டெதிஸ் இமயமலைச் சுண்ணாம்புப் பாறைகளில், உருமாற்றத்துக்குப் பின் பாறை குளிர்ந்தபோது பிர்ரோடைட்டில் பதிந்த காந்தம் கிடைக்கிறது. பாறை படிந்த காலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மலை எழுந்த பிறகு நடந்த சுழற்சியையும் சாய்வையும் நன்றாகவே சொல்லும். காந்தத்துக்கு எந்த வயது என்று தெரிந்தால் போதும்.

சரிவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு

51 பாகை வர வேண்டிய இடத்தில் 37 வருகிறது. பாளம் 1,200 கி.மீ. தெற்கிலிருந்து வந்ததா? அவசரப்படாதீர்கள். வண்டல் படிந்து மேலே எடை ஏறும்போது தட்டையான துகள்கள் படுத்துவிடும். உண்மைச் சரிவின் டான்ஜென்ட்டை 0.6-ஆல் பெருக்கினால் 51 பாகை 37 ஆகிவிடும். சிவப்புப் பாறைகளில் இந்த அளவு தட்டையாவது சகஜம். தட்டையாவது செங்குத்துத் திசையில்தான் நடக்கிறது. ஒதுக்கத்தை அது தொடாது. ஆகவே உங்கள் கேள்வி சுழற்சி மட்டும் என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அட்சரேகையும் வேண்டும் என்றால் தான் திருத்தம் தேவை.

பிழை எல்லை சந்தேகப்படும்படி சிறியது, அல்லது தாங்க முடியாதபடி பெரியது

ஒரு எரிமலைக் குழம்பு ஓட்டம் சில நாட்களில் குளிர்ந்துவிடலாம். அதில் இருபது உருளை எடுத்தாலும் ஒரு நொடியின் புகைப்படம்தான். அந்த நொடியில் காந்தப்புலம் சராசரியிலிருந்து 10, 20 பாகை விலகி இருந்திருக்கலாம். தளங்களுக்கிடையே ஃபிஷரின் செறிவு எண் (திசைகள் எவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கின்றன என்பதன் அளவு) பல நூறு வந்தால் மகிழ்ச்சியடையாமல் பயப்படுங்கள்: நீங்கள் புலத்தின் அலைவைச் சராசரியாக்கவில்லை. காலத்தால் பிரிந்த பல ஓட்டங்கள், பல படுகைகள் வேண்டும்.

பெரிய பிழை வேறு கதை. 1953-இல் ஃபிஷர் கொடுத்த 95 விழுக்காட்டு நம்பக வட்டம், அதாவது உண்மைச் சராசரித் திசை அடங்கும் என்று நம்பும் வட்டம், கோளத்தின் மேல் கிடக்கிறது. அதை ஒதுக்கத்துக்கு மாற்றும்போது சரிவைப் பொறுத்து விரியும். வட்டத்தின் ஆரம் 8 பாகை என்று வையுங்கள். சரிவு 20 என்றால் ஒதுக்கப் பிழை 8.5, சரிவு 50 என்றால் 12.5, சரிவு 70 என்றால் 24. துருவத்தை நெருங்க நெருங்க இந்த முறை தன் கூர்மையை இழக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி உருவான பாறைகள் இதற்கு வரம் போல.

எண்ணெல்லாம் சரி, ஆனால் குறிப்புத் துருவம் தப்பு

இந்தியப் பாறைகளில் வேலை செய்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். சுழற்சியை எதிலிருந்து கழிக்கிறோம்? இன்றைய வடக்கிலிருந்து கழிக்கக் கூடாது. அந்தப் பாறையின் வயதில், அது ஒட்டியிருந்த கண்டத்தின் துருவம் காட்டும் திசையிலிருந்து கழிக்க வேண்டும்.

1956-இல் கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் மூவரும் தக்காண எரிமலைப் பாறைகளின் காந்தத்தை வெளியிட்டு இந்தியா வெகு தெற்கிலிருந்து வந்ததைக் காட்டினார்கள். அந்தப் பாறைகள், சுமார் 6.6 கோடி ஆண்டு வயது, தென்-தென்கிழக்கைக் காட்டி நிலத்துக்குள் சாய்கின்றன. அதாவது இந்தியத் தட்டு வடக்கே வந்தது மட்டுமல்லாமல், அதற்குப் பிறகு 20 பாகைக்கும் மேல் இடஞ்சுழியாகவும் திரும்பியிருக்கிறது. தக்காணத் துருவத்தை வைத்து இமாச்சலத்துக்குக் கணக்கிட்டால் அதே வயதுப் பாறையில் எதிர்பார்க்கும் ஒதுக்கம் 340-ஐ ஒட்டி வரும். ஆகவே அந்த வயதுப் பாறை 340 காட்டினால் அங்கே தனிச் சுழற்சி பூச்சியம். இன்றைய வடக்கிலிருந்து கழித்தவர் 20 பாகை இடஞ்சுழி என்று எழுதியிருப்பார். அதுவே 0 காட்டினால் "சுழலவில்லை" என்று விட்டுவிடுவார்; உண்மையில் அது 20 பாகை வலஞ்சுழியாகத் திரும்பிய பாளம்.

இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது. இந்தியா தென் அரைக்கோளத்தில் இருந்தபோது நேர்முனைக் காலத்தின் சரிவு எதிர்க்குறி. நிலத்தை விட்டு மேல்நோக்கி இருக்கும். கீழ்நோக்கிச் சாயும் திசையைப் பார்த்ததும் பழக்கத்தில் நேர்முனை என்று வைத்தால், 160 பாகை ஒதுக்கம் 160 பாகைச் சுழற்சியாகத் தெரியும். அது எதிர்முனை; சுழற்சி ஒன்றுமில்லை.

இளம் சிவாலிக் பாறைகளில் நிலைமை எளிது. இந்தியத் துருவம் அப்போது இன்றைய வடக்குக்கு மிக அருகில் வந்துவிட்டது. குறிப்பு ஒதுக்கம் 358, அளந்தது 16, பிழை 12.5, குறிப்பின் பிழை 3 என்று வைத்துக்கொண்டால் சுழற்சி வலஞ்சுழியாக 18. அதன் பிழையை டெமரஸ்ட் 1983-இல் காட்டியபடி இரண்டு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, மூலம் எடுத்து, 0.8-ஆல் பெருக்கிப் பெறலாம்: சுமார் 10 பாகை. 18 என்று மட்டும் எழுதாதீர்கள். கூட்டவோ கழிக்கவோ 10 என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பக்கத்துப் பக்கத்துத் தளங்கள் வேறு வேறு சுழற்சி காட்டுகின்றன

இரண்டு கி.மீ. தள்ளி 40 பாகை வித்தியாசம் என்றால் முதலில் நிலச்சரிவைப் பாருங்கள். செங்குத்தான மலைகளில் ஒரு வீட்டளவு பாறை என்ன, ஒரு குன்றின் பக்கமே வழுக்கித் திரும்பி நிற்கும். படுகைகள் உள்ளே ஒழுங்காகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எதிர்க்கரைப் படுகைகளோடு ஸ்டிரைக் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள்.

அது இல்லை என்றால், கிடைநகர்வுப் பிளவுகளுக்கிடையே சிறு பாளங்கள் உருண்டிருக்கலாம். கலிபோர்னியாவின் மேற்கு டிரான்ஸ்வெர்ஸ் தொடர் மயோசீன் காலத்திலிருந்து வலஞ்சுழியாக 90 பாகை அளவுக்குத் திரும்பியது இப்படியொரு பிளவு மண்டலத்தில்தான். அங்கே கிடைத்த எண்ணை ஒரு மலைத்தொடர் முழுவதற்கும் நீட்டக் கூடாது.

மலைத்தொடரே வளைந்ததா என்பதுதான் கேள்வி என்றால் தளங்களை வளைவு நெடுகப் பரப்புங்கள். நேராக இருந்த மலை பின்னர் வளைந்ததை 1955-இல் வாரன் கேரி ஓரோக்ளைன் என்று அழைத்தார். தென் அமெரிக்காவில் அரிக்கா வளைவுக்கு வடக்கே பெருவில் இடஞ்சுழி, தெற்கே சிலியில் வலஞ்சுழி. இமயமலையில் 1985-இல் குளூட்விக், கோனகன், பவெல் மூவரும் எடுத்துரைத்த வளைவில், மேற்குக் கை வலஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் மலையின் ஸ்டிரைக் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரு அச்சிலும், ஒதுக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மற்றொரு அச்சிலும் போடுங்கள். புள்ளிகள் சாய்வு 1 உள்ள கோட்டில் விழுந்தால் வளைவு முழுக்கச் சுழற்சியால் வந்தது. ஸ்பெயினின் கான்டாப்ரிய வளைவு இதற்கு அருகில் விழுகிறது. சாய்வு 0 என்றால் மலை பிறக்கும்போதே வளைந்து பிறந்தது. நடுவில் விழுந்தால் இரண்டும் கலந்தது. அப்போது வயது வேறுபட்ட பாறைகளில் திரும்ப மாதிரி எடுத்து, பழைய பாறையில் அந்தக் கோட்டின் சாய்வு அதிகமா, புதியதில் குறைவா என்று பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு களப்பயணம் தேவைப்படும்.